நல்லா ஓட்டுற ஆளும் ஏன் இன்சூரன்ஸ் கட்டணும்?

கட்டாரில வேலை செய்ற அக்கரைப்பற்றுத் தம்பி ஒராள் கேட்டிருக்காரு. ஊருக்கு வந்து செகண்ட் ஹேண்ட் கார் ஒண்டு எடுக்கப் போறாராம், லைசன்ஸ் எடுத்த நாள்ல இருந்து ஒரு கீறல் கூட விழுத்தினதில்லையாம், அப்படிப்பட்ட ஆள் வருசா வருசம் கம்பனிக்கு ஏன் சல்லி கட்டணும், விருப்பமுள்ளவன் போடட்டும் இல்லாதவன் விடட்டும் எண்டு சட்டத்த மாத்தினா என்ன, நியூசிலாந்தில கட்டாயமே இல்லையாமே எண்டு. நியாயமான கேள்விதான். "சட்டம் அப்படித்தான், கட்டிட்டுப் போங்க" எண்டு சொல்லி முடிக்கலாம், ஆனா நான் கல்முனைப் பக்கம் மோட்டார் கிளெய்ம் வேலையில கனகாலம் கிடந்த ஆள், இதுக்குள்ள இருக்கிற சங்கதி எல்லாம் சொல்லாம விட மனசு வரல்ல, கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல, நம்மட ஆக்கள் இன்சூரன்ஸ் எண்டதும் நினைக்கிறது புல் இன்சூரன்ஸ. பம்பர் உடைஞ்சா கம்பனி ஆள் வந்து போட்டோ எடுத்து கராஜுக்கு விடுவாரே, அது. அத போடச் சொல்லி சட்டம் யாரையும் நெருக்கல்ல. லீசிங்ல எடுத்தா லீசிங் கம்பனி கேக்கும், கடன் முடியும் மட்டும் வாகனம் அவங்கட பேர்ல இருக்கிறதால. கைக்காசுக்கு எடுத்த கார் எரிஞ்சாலும் ஆத்துக்குள்ள போனாலும் அது உங்கட பாடு. சட்டம் கட்டாயம் எண்டு சொல்றது தேர்ட் பார்ட்டி மட்டும். 1951ம் ஆண்டு 14ம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்ட 99ம் பிரிவு அது, பொது ரோட்டில வாகனம் ஓடுறதெண்டா அந்த வாகனத்தால மத்த ஆக்களுக்கு வாற சாவு காயத்துக்குப் பொறுப்பெடுக்கிற பொலிசி நடப்பில இருக்கணும். டி.எஸ். ஒபிஸ்ல (பிரதேச செயலகத்தில) வாகனத்துக்கு வருச லைசன்ஸ் எடுக்கப் போனா புகைச் சேர்ட்டிபிக்கட்டோட இன்சூரன்ஸ் கார்டையும் கேக்கிறது இதுக்குத்தான்.

தம்பி சொல்ற "என்ட சல்லி, என்ட விருப்பம்" எண்ட கதை புல் இன்சூரன்சுக்கு முழுக்கப் பொருந்தும். உங்கட கார நீங்க ரிஸ்க்ல விடுறீங்க, விட்டா நட்டமும் உங்களுக்கு. தேர்ட் பார்ட்டியில நட்டப்படப் போற ஆள் வேற. வெள்ளண பாங்குக்கு எழும்பி பள்ளிக்கு நடந்து போற அப்பா, வட்டைக்கு, அதான் வயலுக்கு, சைக்கிள்ல போற மனிசன், ஸ்கூல் விட்டு ரோட்டால வாற புள்ள. அவங்க உங்களோட ஒரு தாளிலயும் கையெழுத்து வைக்கல்ல, நீங்க இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா எண்டு பாத்து உங்கட கார்ல அடிபட அவங்களுக்கு ஏலாது. ஆகக்குள்ள நீங்க போடாம விட்டா, விட்டதால வாற ஆபத்தத் தூக்குறது அவங்க. கேக்காமலே அவங்கட தலையில வைக்கிற ஆபத்து அது, அதில உங்கட விருப்பத்துக்கு இடமில்ல எண்டதுதான் என்ட அபிப்பிராயம்.

இங்கிலாந்தில 1930ம் ஆண்டு ரோட் ட்ராபிக் சட்டத்தில தேர்ட் பார்ட்டிய கட்டாயமாக்கினது, அமெரிக்காவில மாசசூசெட்ஸ் மாநிலம் 1927ல தொடங்கின. காரணம் எல்லா இடத்திலயும் ஒண்டுதான். அடிபட்டவன் கோட்டுக்குப் போறான், வழக்கு வெல்றான், அடிச்சவன்ட கையில ஒண்டும் இல்ல. தீர்ப்ப வச்சி என்ன செய்ற, சுருட்டிப் பெட்டிக்குள்ள வைக்கிற. நம்மட நாட்டில இது இன்னும் கூடப் பொருந்தும், ஏனெண்டா இஞ்ச பதிஞ்ச வாகனத்தில பாதிக்கு மேல மோட்டார் சைக்கிள். பைக்க வித்தாலும் சில லட்சம்தான் வரும், அதில அடிபட்டு முதுகெலும்பு போன ஆளுக்கு சீவிய காலத்துக்கும் வேண்டிய சல்லி அதப்போல எத்தினை மடங்கு. கார்க்காரர் பணக்காரர், கட்டுவாரு எண்டு நினைக்க ஏலாது, இப்ப வாகனம் வச்சிருக்கிறவன்ல கனபேருக்கு வாகனத்த விட வேற சொத்து இல்ல, அதிலயும் பாதி லீசிங்.

நியூசிலாந்துக் கதைக்கு வருவம். அங்க கார் வச்சிருக்கிறவருக்கு தனியார் கம்பனியில தேர்ட் பார்ட்டி எடுக்கணும் எண்டு கட்டாயம் இல்ல எண்டது உண்மை. ஆனா சும்மா விட்டிருக்காங்க எண்டு நினைச்சிராதீங்க. 1974ல இருந்து அங்க அக்சிடன்ட்ல காயப்பட்ட எல்லாருக்கும், பிழை யாரிட்ட எண்டு பாக்காம, அரச நிறுவனம் ஒண்டு சிகிச்சைக்கும் இழந்த சம்பளத்துக்கும் குடுக்குது, அதுக்குப் பதிலா காயத்துக்கு வழக்குப் போடுற உரிமைய எடுத்திட்டாங்க. அந்தச் சல்லி எங்கால வருது? வாகன லைசன்ஸ் கட்டணத்துக்குள்ளயும் பெட்ரோலுக்குள்ளயும் லெவியா, கட்டாய அறவீடா வச்சி எடுக்காங்க. கட்டாயம் அங்கயும் இருக்கு, வாங்குற கைதான் வேற. தென்னாபிரிக்காவிலயும் இதே மாதிரி, எரிபொருள்ல ஒரு லெவி, அது றோட் அக்சிடன்ட் பண்டுக்குப் போகுது. உண்மையா கட்டாயம் இல்லாத இடம் எண்டா அமெரிக்காவில நியூ ஹாம்ஷயர், அங்கயும் அடிச்சா கட்ட வசதி இருக்கெண்டு காட்டணும். வேர்ஜீனியாவில 500 டொலர் கட்டினா இன்சூரன்ஸ் இல்லாம ஓடலாம் எண்டு ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்த, அந்த 500 டொலரால அடிபட்டவனுக்கு ஒரு கவரும் இல்ல, 2024 நடுப்பகுதியோட அதையும் நிப்பாட்டிட்டாங்க.

எதிர்ப் பக்கத்தில பலமான கதை ஒண்டு இருக்கு, தம்பி அத சொல்லல்ல, நானே சொல்றன். இஞ்ச ஆஸ்பத்திரி இலவசம். அமெரிக்காவில இன்சூரன்ஸ் இல்லாதவன் அடிச்சா ஆஸ்பத்திரி பில்லே குடும்பத்த அழிச்சுப் போடும், நமக்கு பெரியாஸ்பத்திரியில தொடை எலும்புக்கு பிளேட் வச்சி தைச்சி அனுப்புவாங்க, ஒரு சதம் கேக்க மாட்டாங்க. அப்ப இன்சூரன்ஸ் எதுக்கு எண்டு ஒராள் என்னட்ட முகத்துக்கு நேரே கேட்டிருக்காரு. கணக்குப் பாப்பம். ஒரு மேசனுக்கு நாட்கூலி 4,000 எண்டு வைங்க, மாசம் 20 நாள் வேலை எண்டா 80,000, வருசத்துக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். தொடை எலும்பு உடைஞ்ச மேசன் சாரத்தில ஏற ஒண்டரை வருசம் போகும் எண்டா 14 லட்சத்து 40 ஆயிரம் வீட்டுக்கு வராம நிக்குது, அதுக்குப் பிறகும் பழைய மாதிரி மேல ஏறி நிக்க முடியுமா எண்டது வேற. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ, பக்கத்தில நிக்கிற மனிசிட கூலி வேலையும் போகும், வெளியில எடுக்கிற எம்.ஆர்.ஐ., பிசியோ. நம்மட இடத்தில அக்சிடன்ட் குடும்பத்த விழுத்துறது ஆஸ்பத்திரி பில்லால இல்ல, உழைப்பு நிக்கிறதால. அரசாங்கம் அந்த ஓட்டைய அடைக்கிறதே இல்ல, இன்சூரன்ஸ் அடைக்க வேண்டிய இடம் அதுதான்.

அடைக்குதா எண்டு கேட்டா, அங்கதான் எனக்கும் தம்பிக்கும் கொஞ்சம் ஒத்துப் போகுது.

களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் நடுவில உள்ள ஒரு ஊர், பேர் வேணாம். இதே மாதிரி ஒரு மேசன், காலையில சைக்கிள்ல போகக்குள்ள வேன் ஒண்டு பின்னால தட்டி தொடை உடைஞ்ச. வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்த, லைசன்ஸ் இருந்த, எல்லாம் முறை. மூண்டாம் நாள் வார்ட்டுக்கு வேன்காரர் வந்தாரு, தனிய இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச வயசான ஒராளக் கூட்டிக்கொண்டு. கையில அப்பிள் பேக், ஒரு அங்கர் பெட்டி, ஒரு என்வலப். "வேணுமெண்டு செஞ்சதில்ல தம்பி, கேஸ் எண்டு இழுபட்டா நமக்கு ரெண்டு பேருக்கும்தான் அலைச்சல்" எண்டு கதைச்சி, மனிசிட கையில 75,000 குடுத்து ஒரு கடிதத்தில ஒப்பம் வாங்கினாங்க. டைப் அடிச்ச கடிதம். "இனிமேல் இது தொடர்பாக எந்தவிதக் கோரிக்கையும் எமக்கு இல்லை" எண்டு அதில ஒரு வரி. மனிசி வாசிச்சாவா, வாசிச்சாலும் அந்த நேரம் அந்த வரி கண்ணில படுமா. மேல போட்ட கணக்கப் பாருங்க, 75,000 அந்த மேசன்ட ஒரு மாச உழைப்பும் வராது.

மறுகா நீதவான் கோட்டில பொலிஸ் கேஸ். வேன்காரர் குற்றத்த ஒத்துக்கொண்டாரு, தண்டம் கட்டினாரு, லைசன்ஸ் திரும்பி வந்த. ஊர்ச்சனம் "கேஸ் முடிஞ்ச" எண்டு சொல்லிச்சு. முடிஞ்ச கேஸ் அரசாங்கத்துக்கும் டிரைவருக்கும் இடையில உள்ளது. அந்தத் தண்டம் அரசாங்கத்துக்குப் போற சல்லி. நட்டஈடு வேணுமெண்டா மாவட்ட நீதிமன்றத்தில தனியா சிவில் வழக்குப் போடணும், அது வேற கோடு, வேற லோயர், வேற பைல். நம்மட ஆக்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் பொலிஸ் கேஸ்தான் எல்லாமெண்டு நினைச்சிக்கொண்டு இருக்காங்க. மேசன் என்னட்ட வரக்குள்ள மூண்டாம் வருசமும் நடக்குது, "அண்ணன் அந்த இன்சூரன்ஸ்ல ஏதும் எடுக்க ஏலுமா" எண்டு கேட்டாரு. ஏலா. காயம் நட்டத்துக்கு வழக்குப் போட நம்மட காலாவதிச் சட்டத்தில ரெண்டு வருசம்தான் டைம், சம்பவம் நடந்த நாள்ல இருந்து. அந்தக் கம்பனிக்கு இப்படி ஒரு அக்சிடன்ட் நடந்ததெண்டு ஒரு துண்டுக் கடிதம் கூட வரல்ல. கட்டின பிரீமியம் அப்படியே அவங்கட கணக்கில, கட்டாயமா எடுத்த பொலிசி ஒரு ஆளுக்கும் உதவாம அந்த வருசம் முடிஞ்ச.

இந்த மாதிரி நான் பாத்தது ஒண்டு ரெண்டு இல்ல. பொலிஸ் ஸ்டேசன் வாசல்லயே பேசி முடிக்கிறது, பள்ளி நிருவாகம் இல்லாட்டி கோயில் ஆக்கள் நடுவில இருந்து முடிக்கிறது, இதெல்லாம் நம்மட பழக்கம். சின்னத் தட்டலுக்கு, சைக்கிள் ரிம் வளைஞ்சதுக்கு, அது நல்ல வழிதான், நான் குறை சொல்லல்ல. எலும்பு உடைஞ்ச கேசுக்கு அந்த முறை வேன்காரர்ட சட்டைப்பைக்குள்ள எவ்வளவு இருக்கோ அந்த அளவுதான் குடுக்கும், இன்சூரன்ஸ் கண்டுபிடிச்சதே அந்தச் சட்டைப்பை போதாதெண்டுதானே.

மோட்டார் வாகனச் சட்டத்தில ஒரு நல்ல பிரிவும் இருக்கு, யாருக்கும் தெரியாது. 105ம் பிரிவு, தேர்ட் பார்ட்டி காயத்துக்காக பொலிசி எடுத்தவருக்கு எதிரா கோடு தீர்ப்புக் குடுத்தா அத கம்பனி கட்டணும். ஆனா அடுத்த பிரிவில கொக்கி இருக்கு: வழக்குப் போடுறதுக்கு முன்னம், இல்லாட்டி போட்டு ஏழு நாளைக்குள்ள, கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்கணும். அந்த நோட்டீஸ் போகல்லயெண்டா தீர்ப்பு கையில இருந்தாலும் கம்பனி தப்பிச்சிரும். லோயர்மாருக்கு இது தெரியும், ஆனா லோயர்ட்ட போறவன் எவன்.

பிழை யாரிட்ட எண்டு நிரூபிக்கணும் எண்டது அடுத்த தடை. நம்மட சிவில் சட்டம் ரோமன் டச்சு வழியா வந்தது, டிரைவர்ட கவலையீனம் எண்டு அடிபட்டவன்தான் காட்டணும். விடியப்பறம் ஆள் இல்லாத ரோட்டில அடிபட்டவன் எந்த சாட்சியக் கொண்டு வாற. இந்தியாவில 1988ம் ஆண்டு சட்டத்தோட பாத்தா வித்தியாசம் விளங்கும். அங்கயும் தேர்ட் பார்ட்டி கட்டாயம்தான், ஆனா மோட்டார் அக்சிடன்டுக்கெண்டே தனி டிரிபியூனல் (தீர்ப்பாயம்) இருக்கு, கம்பனியையும் சேத்து நேரடியா அங்க மனுப் போடலாம். பிழைய நிரூபிக்காமலே எடுக்கக்கூடிய தொகையும் 2019 திருத்தத்தோட கூடின, சாவுக்கு 5 லட்சம், பெரிய காயத்துக்கு இரண்டரை லட்சம், இந்திய ரூபா. அடிச்சிட்டு ஓடின வாகனத்த பிடிக்க ஏலாட்டி 2022ல இருந்து சாவுக்கு 2 லட்சம், பெரிய காயத்துக்கு 50,000. அங்கயும் டிரிபியூனல்ல வருசக்கணக்கா இழுபடுது எண்டு சொல்லுவாங்க, அது சரி, ஆனா ஏழைக்கு எண்டு ஒரு கதவு இருக்கு. நம்மட நாட்டில அடிச்சிட்டு ஓடின கேசுக்கு வீதிப் பாதுகாப்பு தேசிய சபையில நட்டஈட்டுத் திட்டம் ஒண்டு இருக்கு, அதக்கூட வாழைச்சேனையிலயோ பொத்துவில்லயோ பத்துப் பேரிட்ட கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது.

அப்ப என்ட நிலைப்பாடு என்னெண்டா, கட்டாயம் இருக்கணும், ஆனா இப்ப கட்டாயம் சல்லி வாங்குற பக்கம் மட்டும் இறுக்கமா நிக்குது, குடுக்கிற பக்கம் தொளதொள எண்டு கிடக்கு. இன்சூரன்ஸ் கார்ட் இல்லாட்டி லைசன்ஸ் இல்ல, ட்ராபிக் பொலிஸ் பிடிச்சா கோடு. 2016 கடைசியில 25,000 ரூபா தண்டம் எண்டு கொண்டு வந்து தனியார் பஸ்காரர் ஸ்ட்ரைக் அடிச்ச ஞாபகம் இருக்கும், அந்த ஏழு குற்றத்தில இன்சூரன்ஸ் இல்லாம ஓடுறதும் ஒண்டு. இந்த இறுக்கத்தில கால்வாசிய ஆஸ்பத்திரிப் பக்கம் காட்டினா போதும். அக்சிடன்ட் வார்ட்டுக்கு வாற ஆள்ட பொலிஸ் என்ட்ரியோட சேத்து வாகனத்தின்ட பொலிசி நம்பரும் கம்பனிட பேரும் எழுதின ஒரு தாள் குடும்பத்துக்குக் குடுக்கணும், பிழை பாக்காம ஒரு குறைஞ்ச தொகை கையில வரணும், மிச்சத்துக்கு வழக்காடுறவன் வழக்காடட்டும். கம்பனிக்கு நட்டமெண்டு சொல்லுவாங்க. இந்த நாட்டு ஜெனரல் இன்சூரன்ஸ் பிரீமியத்தில ஆகப் பெரிய பங்கு மோட்டாராலதான் வருது, சட்டமே கஸ்டமர புடிச்சுக் குடுக்கிற வியாபாரம் இது, அப்படி வாங்குறவன் கொஞ்சம் குடுக்கவும் வேணும்.

இன்சூரன்ஸ் இருந்தா டிரைவர்மார் பயமில்லாம ஓடுவாங்க எண்டு ஒரு கட்சி இருக்கு. சிரிச்சுத் தள்ளுற கதையில்ல, 2004ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில கட்டாய இன்சூரன்ஸ் கொண்டு வந்த மாநிலங்கள்ல வீதிச் சாவு கொஞ்சம் கூடினதா ரெண்டு பொருளியலாளர்கள் காட்டினாங்க. நம்மட இடத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் எண்டா, பைக்ல போறவன் அடிபட்டா முதல் உடையிறது அவன்ட எலும்பு, சாவு விழுந்தா தண்டனைச் சட்டக்கோவை 298ம் பிரிவு அவன்ட தலையில, அதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கவர் இல்ல. எனக்குப் பிழையாத் தெரியிறது வேற ஒண்டு: தேர்ட் பார்ட்டி பிரீமியம் கவனமா ஓட்டுறவனுக்கும் காத்தான்குடிச் சந்தியில பைக்க சரிச்சு வெட்டிப் போறவனுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான். புல் இன்சூரன்ஸ்ல கிளெய்ம் இல்லாட்டி போனஸ் எண்டு கழிப்பாங்க, தேர்ட் பார்ட்டியில அந்தப் பேச்சே இல்ல. ஒரு கீறலும் விழுத்தாத தம்பி இத கேட்டிருந்தா நானும் பின்னால நிண்டு கை தட்டியிருப்பன்.

அப்ப கம்பனிய விட்டிட்டு நியூசிலாந்து மாதிரி பெட்ரோல்லயே எடுக்கலாமே எண்டு ஒரு கேள்வி வரும். செய்ய ஏலாத விசயம் இல்ல, 2022ல கியூஆர் கோட் வச்சி வாகனத்துக்கு வாகனம் லீட்டர் கணக்கில அளந்து குடுத்த நாடுதானே இது. பெட்ரோல் அடிக்கிற ஒவ்வொருத்தனும் கவருக்குள்ள வந்திருவான், கார்ட் காலாவதி எண்ட பேச்சும் இருக்காது, அது பெரிய நன்மை. ஆனா அம்பாறை மாவட்டத்தில இருந்து பாத்தா எனக்கு ஒரு கண் உறுத்துது. டீசலுக்கு லெவி போட்டா வட்டைக்குள்ள நாள் முழுக்க உழுற மெஷினும், வேளாண்மை வெட்டுற மெஷினும் ரோட்டில ஓடாத ஓட்டத்துக்கு ரோட் இன்சூரன்ஸ் கட்டும். சம்மாந்துறை வட்டையில ஒரு போகத்துக்கு அடிக்கிற டீசலக் கணக்குப் போட்டா விவசாயிதான் கொழும்புக் கார்க்காரனுக்கும் சேத்துக் கட்டுவான். பெட்ரோலுக்கு மட்டும் போட்டா லொறி, பஸ், டிப்பர் எல்லாம் வெளியில நிக்கும், ஆள அமத்துறதில அதுகள் குறைஞ்சதா. ஆனபடியா எனக்கு இதில முழு மனசு இல்ல.

படுவான்கரைப் பக்கத்த விட்டிட்டு இத எழுத ஏலாது. ஆத்துக்கு அங்கால, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால, வருசக்கணக்கா லைசன்சும் இன்சூரன்சும் இல்லாம ஓடுற பைக் எத்தினை. கெட்ட எண்ணம் இல்ல, பெரும்பாலும் ஓபன் பேப்பர்ல, அதான் பேர் மாத்தாம ஒப்பம் வச்ச தாளோட மட்டும், கை மாறி கை மாறி வந்த பைக், முதல் சொந்தக்காரன் எங்க இருக்கானெண்டே தெரியாது, பேர் மாத்தாம லைசன்ஸ் எடுக்கவும் கரைச்சல். சட்டப்படி வித்தா 14 நாளைக்குள்ள மாத்தத்துக்கு அறிவிக்கணும், யார் அறிவிக்கிற. தண்டத்தக் கூட்டினா இவங்க இன்சூரன்ஸ் எடுக்க மாட்டாங்க, பொலிஸ் நிக்காத குறுக்கு ரோட்டால போவாங்க. மீன் வித்து, விறகு கட்டி உழைக்கிறவனுக்கு ஒரே அடியா வருசப் பிரீமியமும் புகைக் காசும் லைசன்ஸ் காசும் எண்டா பாரம், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கட்டுற மாதிரி ஒரு பொலிசி இருந்தா இதில பாதிப் பேர் உள்ளுக்கு வருவாங்க.

வட்டி கலந்த வியாபாரம், மார்க்கத்துக்கு ஒத்து வராது எண்டு தயங்குற முஸ்லிம் சகோதரர்கள் காத்தான்குடி, நிந்தவூர்ப் பக்கம் நல்லா இருக்காங்க, அவங்களுக்கு தகாபுல் முறையில, அதான் இஸ்லாமிய முறைப்படி நடக்கிற இன்சூரன்ஸ்ல, மோட்டார் பொலிசி நாட்டில கிடைக்குது, லைசன்சுக்கும் அது செல்லும். அதில மேல கேள்வி இருந்தா ஆலிம்மாரிட்ட கேளுங்க, அது என்ட துறை இல்ல.

மாட்டுக் கதை கேக்காம யாரும் என்ன விட மாட்டாங்க, ஆனபடியா அதையும் சொல்லிட்டுப் போறன். மட்டக்களப்பு கல்முனை ரோட்டில, ஓட்டமாவடி தாண்டி பொலன்னறுவைப் பக்கம் போற ரோட்டில, இரவில மாடு தார் சூட்டுக்கு வந்து நடு ரோட்டில படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த தார், லைட்டுக்குள்ள கண் மட்டும்தான் மின்னும், அதுவும் திரும்பிப் பாத்தாத்தான். பைக்ல போய் அதில ஏறினவன் தேர்ட் பார்ட்டி எடுக்க ஏலுமா? அவன்ட சொந்தக் காயத்துக்கும் பைக்குக்கும் அவன்ட தேர்ட் பார்ட்டி ஒண்டும் குடுக்காது, அது மத்த ஆளுக்கான கவர். மாட்டுக்காரனுக்கு பொலிசி கட்டாயம் எண்டு சட்டம் இல்ல, வழக்குப் போடலாமெண்டாலும் முதல்ல மாடு யாருட எண்டு கண்டுபிடிக்கணும். மாடு செத்தா விடியக்குள்ள சொந்தக்காரன் வந்து நிப்பான், பைக்காரன் செத்தா அந்த மாட்டுக்கு ஊரிலயே ஆள் இல்ல. நம்மட ரோட்டில இரவில ஓடுற ஆள் எண்டா ஓட்டுற ஆளுக்கான பெர்சனல் அக்சிடன்ட் கவர் ஒண்டச் சேத்து எடுங்க, பெரிய காசு இல்ல.

இப்ப தம்பிட கார் விசயம். எடுக்கப் போற கார் ஓபன் பேப்பர் எண்டா எடுக்க வேணாம், பேர் மாத்தித் தந்தாத்தான் எடுப்பன் எண்டு நில்லுங்க. தேர்ட் பார்ட்டி எடுக்கக்குள்ள அடுத்தவன்ட வாகனத்துக்கும் மதிலுக்கும் கவர் இருக்கா, எவ்வளவு மட்டும் எண்டு கேளுங்க, கூட வாற ஆக்களுக்கு இருக்கா எண்டும் கேளுங்க, எல்லாப் பொலிசியிலயும் அது தானா வராது. புல் எடுக்கிறதெண்டா காருட பெறுமதிய இண்டைய சந்தை விலைக்குப் போடுங்க. 2020 மார்ச்சில இறக்குமதி நிப்பாட்டி 2025 பெப்ரவரி மட்டும் கார் விலை ஏறின ஏத்தத்தில, பழைய பெறுமதியிலயே ரினியூ பண்ணினவங்க கிளெய்ம் வரக்குள்ள, பெறுமதி எவ்வளவு குறைவோ அந்த விகிதத்துக்கு கம்பனி நட்டஈட்டையும் வெட்டினதப் பாத்து முழிச்சிக்கொண்டு நிண்டாங்க. கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு ஆள் ஏத்துற யோசனை இருந்தா, லீவில ரெண்டு ட்ரிப் அடிச்சா பெட்ரோல் காசு வரும் எண்டு நம்மட பொடியன்மார் செய்றதுதானே, முதல்லயே கம்பனியில சொல்லி ஹயரிங்குக்கு மாத்துங்க. பிரைவேட் எண்டு எழுதின கார்டோட சல்லிக்கு ஆள் ஏத்தி மகா ஓயாப் பக்கம் ஒண்டு நடந்தா, கம்பனிக்காரர் முதல்ல கேக்கிற கேள்வி காருக்குள்ள இருந்தவங்க சொந்தக்காரரா எண்டதுதான், அதுக்குப் பொய் சொன்னா பொலிஸ் வாக்குமூலத்தில பிடிபடும்.

யாருக்காவது பட்டு எலும்பு உடைஞ்சா, ஒரு தாளிலயும் ஒப்பம் வைக்காம ஒரு லோயர்ட்ட போங்க, சல்லி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பில இருக்கு, ரெண்டு வருசக் கணக்க நாட்காட்டியில எழுதி வைங்க. வாகனத்தின்ட கண்ணாடியில ஒட்டியிருக்கிற வருச லைசன்சையும் இன்சூரன்ஸ் கார்டையும் அண்டைக்கே போனால ஒரு படம் எடுங்க, கம்பனிட பேரும் பொலிசி நம்பரும் அதிலதான் இருக்கு.